தம்பியின் நினைவாக ஒரு கடற்கரை நடை: புறப்படும் முன் எழுதி வைக்க வேண்டிய ஒரு தாள்

வாசகர் கடிதம்:

எனக்கு வயது 38. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தம்பி தற்கொலையால் இறந்தான். அதன் பிறகு ஏழெட்டு மாதம் நானும் மனச்சோர்வில் விழுந்து, சிகிச்சை எடுத்து, இப்போது வேலைக்குப் போய் வருகிறேன். மனச்சோர்வுக்கான மாத்திரை ஒன்றை இன்னும் எடுத்துக்கொள்கிறேன். மனநலத்துக்காக உழைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்ட, கடற்கரையோரமாகவே 6 நாளில் 240 கிலோமீட்டர் நடக்கத் திட்டமிட்டிருக்கிறேன். கடைசி நாள் தம்பியின் நினைவு நாளாக அமையும்படி தேதி குறித்திருக்கிறேன். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. தினமும் 5 கிலோமீட்டர் நடக்கும் பழக்கம் உண்டு. என் உடலும் மனமும் இதைத் தாங்குமா? அந்த ஆறு நாளும் மாத்திரையை நிறுத்திவிடலாமா? தம்பியைப் பற்றி வெளிப்படையாக எழுதினால்தான் நிதி சேரும் என்கிறார்கள். அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. நான் என்ன செய்வது? பாதியில் நின்றுவிட்டால் தம்பியை இரண்டாம் முறை கைவிட்டதுபோல ஆகிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேள்விக்குறி போட்டுக் கேட்டவற்றைவிட, கேள்விக்குறி இல்லாமல் கடைசியில் எழுதிய வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பாதியில் நின்றால் தம்பியை "இரண்டாம் முறை" கைவிட்டதாக ஆகிவிடும் என்கிறீர்கள். அப்படியானால் முதல் முறை ஒன்று நடந்துவிட்டதாக உங்கள் மனம் ஏற்கெனவே தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறது. தற்கொலையால் ஒருவரை இழந்த குடும்பங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்; இந்தத் தீர்ப்பைத் தனக்குத் தானே எழுதிக்கொள்ளாத அக்காவையோ அண்ணனையோ தாயையோ நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. அன்று தொலைபேசியை எடுத்திருந்தால், அந்த வாரம் ஒருமுறை நேரில் போயிருந்தால் என்று தொடங்கும் வாக்கியங்கள் எல்லா வீடுகளிலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. நோய், வலி, சூழல், அந்த நேரத்து உந்துதல் எனப் பல இழைகள் ஒன்றுசேரும்போது அது நிகழ்கிறது, அவற்றில் பலவும் அருகில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. இதை முன்பே யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள், நீங்களும் தலையசைத்திருப்பீர்கள். தலையசைத்ததால் தீர்ப்பு அழிந்துவிடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு அபராதமாக 240 கிலோமீட்டரைக் கட்ட நினைக்கிறீர்களோ என்பதுதான் என் கவலை. அபராதம் கட்டினால் ரசீது கிடைக்கும். குற்ற உணர்ச்சி யாருக்கும் ரசீது கொடுத்ததில்லை. 240 முடிந்ததும் அது 300 கேட்கும். ஆகவே, இந்த நடையைப் பற்றி வேறு எவருக்கும் அறிவிப்பதற்கு முன், உங்களுக்குச் சிகிச்சை அளித்தவரிடம் இந்த ஒரு வரியை மட்டும் அப்படியே வாசித்துக் காட்டுங்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு பேசிக்கொள்ளலாம்.

நடக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உடலை அசைப்பது மனச்சோர்வுக்கு நல்லது என்பதற்கு உறுதியான சான்றுகள் இருக்கின்றன. 1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனச்சோர்வு இருந்த, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 156 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடற்பயிற்சியும், இன்னொன்றுக்குச் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையும், மூன்றாவதற்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 16 வாரங்களுக்குப் பிறகு மூன்று குழுக்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. தொடக்கத்தில் மட்டும் மாத்திரை சற்று விரைவாக வேலை செய்தது. இந்த ஆய்வை நிதி திரட்டும் நடைகளின் அறிவிப்புகளில் மேற்கோள் காட்ட எல்லோருக்கும் பிடிக்கும். அங்கே கொடுக்கப்பட்ட உடற்பயிற்சி எவ்வளவு என்பதை யாரும் எழுதுவதில்லை: வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் அளவில், கண்காணிப்பவர் ஒருவர் உடனிருக்க. உங்கள் மனத்துக்கு மருந்தாக இருக்கப்போவது அந்த ஆறு நாள் அல்ல, அதற்கு முந்தைய ஐந்து மாதப் பயிற்சிதான். ஆறு நாள் நடை என்பது உங்களிடம் இருக்கும் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பது. செலவழிக்கலாம், தவறில்லை, கணக்குத் தெரிந்து செலவழிக்க வேண்டும்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. எந்தெந்த நிலையில் நடையை நிறுத்துவீர்கள் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி, உங்கள் கையெழுத்தையும் போட்டு, நம்பிக்கையான இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். கீழே நான் சொல்லப்போவதெல்லாம் அந்தத் தாளில் என்ன எழுதுவது, ஏன் எழுதுவது என்பதைப் பற்றியே.

பல ஆண்டுகளுக்கு முன், இதேபோல் மனநலத்துக்காக நிதி திரட்டிய நான்கு நாள் கடற்கரை நடை ஒன்றில் மருத்துவ உதவிக் குழுவில் தன்னார்வலராக இருந்தேன். மூன்றாம் நாள் பிற்பகல், ஒருவர் காலணிக்குள் புகுந்த மணலைத் தட்டிவிடப் பாறை ஒன்றில் உட்கார்ந்தார். நெடுநேரம் ஆகியும் எழவில்லை. அருகே போய்ப் பார்த்தால், விரல்கள் வீங்கிப் போனதால் காலணிக் கயிற்றின் முடிச்சை அவரால் அவிழ்க்கவே முடியவில்லை. "ஒன்றுமில்லை டாக்டர், இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடுவேன்" என்றார். நான் முடிச்சை அவிழ்த்தேன். காலுறையின் குதிகால் பகுதி உலர்ந்த இரத்தத்தால் விறைத்துப் பழுப்பாக இருந்தது. மெதுவாகத்தான் இழுத்தேன், தோலும் கூடவே வந்தது. முந்தைய இரவு மூன்று மணி நேரம்கூடத் தூங்கவில்லை என்பதைப் பேச்சுவாக்கில் சொன்னார். இன்று என்ன கிழமை என்று கேட்டேன். செவ்வாய் என்றார். அன்று வியாழன். "இத்தனை பேர் பணம் போட்டிருக்கிறார்கள், எப்படி நிற்பது?" என்று அவர் என்னிடம் கேட்டபோது, அவருடைய சட்டையின் முதுகில் "உதவி கேட்பது பலவீனமல்ல" என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. முதுகில் இருந்ததால் அவரால் அதைப் படிக்க முடியவில்லை என்று பின்னாளில் இருவரும் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அன்று யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் வற்புறுத்தி நிறுத்தியதால் அன்றிரவு முழுவதும் அவர் என்னுடன் பேசவில்லை, அதில் நியாயமும் இருந்தது: நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று முன்கூட்டியே எதுவும் பேசி வைக்கவில்லையே.

இந்த வகை நடைகளின் உள்ளே ஒரு முரண் இருக்கிறது. மனச்சோர்வில் இருப்பவர் நாள்தோறும் செய்வது என்ன? வலியைக் காட்டிக்கொள்ளாமல் எழுந்து, குளித்து, அலுவலகத்துக்குப் போய், கேட்பவரிடமெல்லாம் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்லி மாலை வரை தள்ளுவது. அந்த ஏழெட்டு மாதத்தில் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். நெடுந்தூர நடையும் அதே திறமையைத்தான் கேட்கிறது, கேட்பதோடு நில்லாமல் கைதட்டியும் பாராட்டுகிறது. முடியவில்லை என்றால் சொல்லுங்கள் என்று உலகத்துக்கு எடுத்துச் சொல்ல நடப்பவர், முடியவில்லை என்று சொல்லவே முடியாத நிலையில் தன்னை வைத்துக்கொண்டால், அந்தச் சட்டை வாசகத்தை யாருக்காக அச்சடிக்கிறோம்?

ஆகவே தாளில் முதலில் உடலைப் பற்றி எழுதுங்கள். நடையின் சாயலையே மாற்றும் அளவுக்குக் காலில் புண்ணோ வலியோ வந்தால் அன்றைய நடை அத்துடன் முடிகிறது; புண்ணைக் காத்து நொண்டி நடக்கும்போதுதான் முழங்காலும் இடுப்பும் கெடுகின்றன. வாந்தி, தலைவலி, குழப்பம், விரல்களின் வீக்கம் இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் மருத்துவரைப் பார்க்காமல் ஒரு அடியும் எடுத்து வைப்பதில்லை. அடுத்தடுத்து இரண்டு இரவுகள் நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கினால் மறுநாள் ஓய்வு. பிறகு மனத்தைப் பற்றி எழுதுங்கள். நடக்கும்போது அழுவது நிறுத்துவதற்கான காரணம் அல்ல. தாராளமாக அழுங்கள், கடற்கரையில் தனியாக நடப்பவர் அழாமல் வேறு எங்கே அழுவது? ஆனால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணமோ, தம்பி போன இடத்துக்கே போய்விடலாம் என்ற எண்ணமோ ஒரு கணம் வந்து போனாலும் அன்றே உடனிருப்பவரிடம் சொல்வேன், மருத்துவரையோ உதவி எண்ணையோ அழைப்பேன் என்று எழுதுங்கள். நோயிலிருந்து மீண்டவருக்குக் களைப்பும் தூக்கமின்மையும் சேரும்போது பழைய எண்ணங்கள் எட்டிப் பார்ப்பது வியப்பல்ல. அதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு நடப்பதுதான் ஆபத்து.

இதைத் தீர்மானிக்கும் வேலையை உங்களிடம் விட்டுவிடக் கூடாது. களைத்த மூளை தன் களைப்பைத் தானே அளக்க முடியாது. வியாழக்கிழமையைச் செவ்வாய் என்றவருக்குத் தான் தெளிவாக இருப்பதாகத்தான் தோன்றியது. ஒவ்வொரு நாள் மாலையும் ஒரே நேரத்தில், ஒரே மூன்று கேள்விகளை உங்களிடம் கேட்க ஒருவரை நியமியுங்கள்: எவ்வளவு தூங்கினாய், காலைக் காட்டு, இன்று மனத்தில் என்ன ஓடியது. இரண்டாவது கேள்வி அல்ல, கட்டளை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த நபர் உங்கள் கண்ணீருக்கு இரங்கி விட்டுக்கொடுப்பவராக இருக்கக் கூடாது என்பதால் நெருங்கிய உறவினரைவிடப் பழைய தோழி ஒருவர் பொருத்தமாக இருப்பார். அவர் "போதும்" என்றால் போதும். போதும் என்பதற்கு முழுவதுமாகக் கைவிடுவது என்று மட்டும் பொருளில்லை. இன்று நிறுத்தி நாளை அதே இடத்திலிருந்து தொடரலாம், ஒரு பகுதியை விட்டுவிட்டு அடுத்த பகுதியில் சேரலாம், மிச்சத்தை இரண்டு மாதம் கழித்து முடிக்கலாம். இந்த மூன்று வழிகளையும் தாளிலேயே எழுதி வையுங்கள்.

அடுத்து, கடல். நான் கடலோர மீட்புப் பணியாளன் அல்ல. பாதைக்கு உள்ளூர் மீனவர்களையும் கடலோரக் காவல் பணியினரையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் உங்கள் திட்டத்தின் எண்களைப் பார்க்கும்போதே ஒன்று தெரிகிறது. நாளுக்கு 40 கிலோமீட்டர் என்பதைத் தார்ச்சாலைக் கணக்கில் போட்டிருக்கிறீர்கள். உலர்ந்த மணலில் நடப்பதற்கு, அதே வேகத்தில் கெட்டியான தரையில் நடப்பதைவிட 2.1 முதல் 2.7 மடங்கு வரை ஆற்றல் செலவாகிறது என்று 1998இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியிருக்கிறது. சாலையில் மணிக்கு நாலரை கிலோமீட்டர் நடப்பவர் மணலில் மூன்றரை நடந்தாலே அதிகம். அப்படியானால் 40 கிலோமீட்டருக்கு ஓய்வு நேரத்தைச் சேர்க்காமலே பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஆறு நாள் நடந்தால் கடல் பக்கத்துக் கால் எப்போதும் தாழ்ந்தே விழும், நான்காம் நாளில் ஒரு பக்க முழங்கால் மட்டும் ஏன் வலிக்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். போதாததற்கு அந்த ஈர மணல் நாள் முழுவதும் உங்களுக்குக் கிடைக்கவும் செய்யாது. ஓர் உயர் ஓதத்துக்கும், அதாவது கடல்நீர் கரையில் மிக உயரமாக ஏறி நிற்கும் நேரத்துக்கும், அடுத்ததற்கும் இடையே பெரும்பாலான கடற்கரைகளில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் ஓத நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும், முதல் நாள் காலையில் வசதியாகக் கிடைத்த பாதை ஆறாம் நாள் அதே நேரத்தில் தண்ணீருக்குள் இருக்கும். ஏற்றம் சீராகவும் வருவதில்லை: ஆறு மணி நேர ஏற்றத்தில் நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்திலேயே மொத்த உயரத்தில் பாதி ஏறிவிடும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றம் இன்னும் அதிகம். பாறைச் சுவருக்கும் நீருக்கும் இடையில் ஒடுங்கிய மணல் மட்டுமே உள்ள இடங்களில், "வேகமாக நடந்தால் தாண்டிவிடலாம்" என்ற எண்ணம்தான் ஆளைச் சிக்க வைக்கிறது. ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரங்களை எந்த நாளும் இறங்கிக் கடக்காதீர்கள். சுற்றிப் போக வேண்டிய தூரத்தை முன்பே கணக்கில் சேருங்கள். உங்கள் தாளில் கடலுக்காக ஒரே வரி போதும்: ஓத அட்டவணை ஒத்துவராத பகுதியில் வண்டியில் போவேன், அதை மறைக்கமாட்டேன்.

என் யோசனையைக் கேட்டால், நாளுக்கு 25 கிலோமீட்டர் வீதம் 150 கிலோமீட்டராகக் குறையுங்கள். 240தான் வேண்டும் என்றால் 10 நாளாக்குங்கள். நன்கொடை கொடுப்பவர் எவரும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதில்லை. ஐந்து மாதம் போதுமான அவகாசம்தான். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் நீண்ட நடை போகாமல், இரண்டு மாதம் கழித்து அடுத்தடுத்த இரு நாட்கள் நீண்ட நடையாகப் போய்ப் பழகுங்கள். களைத்த காலுடன் காலையில் எழுந்து மறுபடி நடப்பதற்குத்தான் பயிற்சி தேவை. அந்த இரண்டாம் நாள் காலையில் உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது என்பதைக் குறித்து வையுங்கள், மருத்துவரிடம் காட்ட அது உதவும்.

மாத்திரையை நிறுத்தலாமா என்றால், கூடாது. மனச்சோர்வு மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே தலைச்சுற்றல், குமட்டல், தூக்கக் கேடு, எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். பாறைகள் நிறைந்த கரையில் நடக்கும்போது தலைச்சுற்றல் வேண்டியதில்லை. நோய் திரும்பும் ஆபத்தும் இருக்கிறது. ஆனால் மாத்திரையோடு நடப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவையும் உண்டு. ஃபுளுவாக்செட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் வகை மாத்திரைகள் சிலருக்கு இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். நெடுநேரம் நடப்பவர்கள், தாகமே இல்லாவிட்டாலும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்ற தவறான அறிவுரையைக் கேட்டு நடந்தால் அதே சோடியம் மேலும் குறையும். 2002 பாஸ்டன் மாரத்தானின் முடிவில் இரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. அதிகத் தண்ணீர் குடித்து, ஓடத் தொடங்கியபோது இருந்ததைவிட எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுமே அதில் அதிகம் அகப்பட்டார்கள். ஆக, மெதுவாக, நீண்ட நேரம் நடக்கப்போகும் உங்களுக்கு இது வேகமாக ஓடுபவரைவிட முக்கியம். தாகம் எடுக்கும்போது குடியுங்கள், தாகத்தை மீறிக் குடிக்காதீர்கள். புறப்படுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுச் சோடியம் அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கால் வலிக்கு இபுபுரூஃபன் வகை வலிநிவாரணிகளை நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். இந்த மாத்திரைகளோடு சேரும்போது இரைப்பையில் இரத்தக்கசிவுக்கான வாய்ப்பு கூடுகிறது.

உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும், இதை வாசித்துவிட்டு நடக்கக் கிளம்பும் மற்றவர்களுக்காக இரண்டு வரி சேர்க்கிறேன். லித்தியம் என்ற மனநல மருந்தை எடுப்பவர்களுக்கு வியர்வையால் நீரும் உப்பும் குறைந்தால் மருந்தின் அளவு இரத்தத்தில் நச்சு நிலைக்கு ஏறக்கூடும், அதே வலிநிவாரணிகள் அதை இன்னும் ஏற்றும். இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர்களுக்குத் தூக்கமின்மையே மிகையெழுச்சியை, அதாவது கட்டுமீறிய உற்சாக நிலையை, தூண்டிவிடும். இரவிலும் தொடரும் நடைகள் அவர்களுக்கு ஏற்றவை அல்ல. பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும் மனச்சிதைவுக்கான மருந்துகள் சிலவும் வியர்ப்பதையும் உடல் தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்வதையும் குறைப்பதால் வெயிலில் மயக்கம் எளிதில் வரும்.

இனி, தேதி. கடைசி நாளை நினைவு நாளோடு பொருத்தியிருப்பதில் உள்ள அழகு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தேதி உங்கள் நடைக்கு ஒரு கெடு விதித்துவிட்டது. இரண்டாம் நாள் கால் சுளுக்கி ஒருநாள் ஓய்வெடுக்க நேர்ந்தால், மற்ற எவருக்கும் அது ஒருநாள் தாமதம். உங்களுக்கு அது தம்பிக்குச் செய்த துரோகமாகத் தெரியும். நினைவு நாள் வரும் வாரத்தில் தூக்கம் குறைவதும், பழைய படங்கள் மனத்தில் ஓடுவதும் துயரத்தில் இருப்பவர்களுக்கு வழக்கம். அதே வாரத்தில் வாழ்க்கையிலேயே அதிகமான உடல் களைப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா? அம்மாவை நினைத்துப் பாருங்கள். அன்று அவர் வீட்டில் தனியாக இருப்பார், மகள் கூட்டத்துக்கும் கேமராக்களுக்கும் நடுவே எங்கோ ஒரு கரையில் இருப்பாள். நடையை மூன்று வாரம் முன்னால் தள்ளுங்கள். அந்த நாளை அம்மாவோடு செலவிடுங்கள்.

அம்மாவின் தயக்கத்தை நீங்கள் சமாளிக்க வேண்டிய தடையாகப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் அதைத் தகவலாகப் பார்க்கிறேன். உங்கள் மனச்சோர்வின் கதை உங்களுடையது. அதைச் சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம். தம்பியின் கதையில் அம்மாவுக்கும் பங்கு உண்டு, தம்பியிடமோ இனி அனுமதி கேட்க வழியில்லை. ஒருமுறை இணையத்தில் ஏறியதை, மூன்று ஆண்டு கழித்து மனம் மாறினாலும் முழுவதுமாக இறக்க முடியாது. அம்மாவிடம் "எழுதட்டுமா வேண்டாமா" என்று கேட்காமல், எழுதியதை வாசித்துக் காட்டி "இதில் எந்த வரி உங்களை உறுத்துகிறது" என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வரிகள்தான் உறுத்தும். அவற்றை எடுத்துவிட்டால் பதிவின் பலம் குறையப்போவதில்லை.

எழுதும்போது, எப்படி இறந்தான், எங்கே இறந்தான், என்ன எழுதி வைத்தான் என்பவற்றை அறவே தவிர்த்துவிடுங்கள். "இதனால்தான் இறந்தான்" என்று ஒரே காரணத்தைச் சுட்டாதீர்கள். இறுதியில் எப்போதும் உதவி எண்ணைச் சேருங்கள். ஊடகங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கும் வழிகாட்டுதலின் சாரம் இதுதான், தனிமனிதர் எழுதும் பதிவுக்கும் இது அப்படியே பொருந்தும். காரணமின்றிச் சொல்லப்பட்ட விதி அல்ல இது: தற்கொலைச் செய்திகளை விவரமாக வெளியிடுவது, ஏற்கெனவே விளிம்பில் நிற்பவர்களைத் தள்ளிவிடக் கூடும். மாறாக, அந்த எண்ணத்தோடு போராடி அதைக் கடந்து வந்தவர்களைப் பற்றிய செய்திகள் வெளியான பிறகு தற்கொலைகள் குறைந்திருந்ததை 2010இல் வெளியான ஓர் ஆஸ்திரிய ஆய்வு கண்டது. அதற்குப் பாப்பகேனோ விளைவு என்று பெயர். ஆகவே உங்கள் பதிவில் தம்பியின் மறைவுக்கு ஒரு பத்தி போதும், நீங்கள் எப்போது, யாரிடம், எப்படி உதவி கேட்டீர்கள் என்பதற்கு மூன்று பத்தி எழுதுங்கள். கடிதத்தில் "தற்கொலையால் இறந்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். "தற்கொலை செய்துகொண்டான்" என்பதைத் தவிர்த்து யோசித்து எழுதியிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். நம் மொழியில் அந்தச் சொல்லுக்குள்ளேயே "கொலை" இருக்கிறது, அதை நம்மால் இப்போதைக்கு நீக்க முடியாது. "செய்துகொண்டான்" என்ற வினையையாவது விட்டுவிடலாம். பதிவிலும் அப்படியே எழுதுங்கள்.

பதிவு வெளியான பிறகு நடக்கப்போகும் ஒன்றுக்கு உங்களை யாரும் தயார்ப்படுத்தியிருக்க மாட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் உங்களுக்கு எழுதுவார்கள். இரவு ஒரு மணிக்கு, "அக்கா, எனக்கும் உங்கள் தம்பி மாதிரியே தோன்றுகிறது" என்று ஒரு செய்தி வரும். கரையில் எதிரே வரும் ஒருவர் நிறுத்தி, தன் மகனைப் பற்றி இருபது நிமிடம் பேசுவார். கேட்பது நல்லதுதான், ஆனால் நீங்கள் சிகிச்சையாளர் அல்ல. நாள் முழுவதும் நடந்து களைத்த, தம்பியை இழந்த ஒரு பெண். அப்படி ஒரு செய்தியைக் காலையில்தான் பார்த்தேன், அதற்குள் என்ன ஆகியிருக்குமோ என்று துடித்து மீண்டும் நோயில் விழுந்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்த ஆறு நாளும் உங்கள் செய்திப் பெட்டியை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். அந்த நிறுவனத்தோடு முன்கூட்டியே பேசி, இத்தகைய செய்திகளுக்கு என்ன பதில் அனுப்புவது, அவசர நிலையில் யாருக்குத் தெரிவிப்பது என்று முடிவு செய்து, சொற்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டதும் அவர்களிடம் ஆயத்தமான பதில் இல்லாவிட்டால், வேறு நிறுவனத்தைத் தேடலாம் என்றே சொல்வேன்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நன்கொடை உங்கள் கணக்குக்கு வராமல் நேராக நிறுவனத்தின் கணக்குக்கே போகட்டும். தங்கும் செலவும் பயணச் செலவும் அதிலிருந்து எடுக்கப்படுகிறதா இல்லையா என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். என் துறையைச் சேர்ந்தது ஒரு வரி மட்டுமே: "முழுத் தூரத்தையும் முடித்தால்" என்ற நிபந்தனையோடு எந்த நன்கொடையையும் வாங்காதீர்கள். "நான் 240 கிலோமீட்டர் நடந்து முடிப்பேன்" என்று எழுதாமல், "என்னால் பாதுகாப்பாக நடக்க முடிந்த தூரம் வரை நடப்பேன், நிறுத்த நேர்ந்தால் ஏன் நிறுத்தினேன் என்று இதே இடத்தில் எழுதுவேன்" என்று எழுதுங்கள். அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தவருக்கு இப்படி ஒரு வரி முன்பே எழுதப்பட்டிருந்தால், அவரே காலணியைக் கழற்றச் சொல்லியிருப்பார்.

நடை முடிந்த அடுத்த வாரத்தையும் இப்போதே திட்டமிடுங்கள். ஐந்து மாதமாகக் காலையில் எழுந்ததும் செய்ய ஒரு வேலை இருந்தது, கேட்க ஆட்கள் இருந்தார்கள், தம்பியின் பெயரை உரக்கச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. அது ஒரே நாளில் நின்றுபோகும். முடித்த மூன்றாம் நான்காம் நாளில் வெறுமை வந்து கவிவதை முழு ஆரோக்கியத்தோடு இருப்பவர்களே அனுபவிக்கிறார்கள். அந்த வாரத்துக்குள் சிகிச்சையாளரைச் சந்திக்க இப்போதே நேரம் வாங்கிவிடுங்கள், அடுத்த மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பதை இரண்டு மாதத்துக்குத் தள்ளிப் போடுங்கள், பழைய 5 கிலோமீட்டர் நடையை மட்டும் விடாமல் தொடருங்கள்.

நடையின் அறிவிப்பை இன்னும் வெளியிடவில்லை என்று நினைக்கிறேன். வெளியிடுவதற்கு முன் மருத்துவரைப் போய்ப் பாருங்கள், மாத்திரைப் பட்டையையும் பயிற்சிக் குறிப்பையும் அந்தத் தாளையும் கையோடு கொண்டு போங்கள். தாளின் ஒரு நகலை அம்மாவிடமும் கொடுக்கலாம். மகள் எங்கே நிற்பாள் என்று தெரிந்தால், அவரும் அந்த ஆறு இரவுகள் கொஞ்சம் தூங்குவார்.